பசி வராத காலத்தில் சாப்பிடுவது எப்படி?

சுகாதாரப் பாடம்: உணவுக்குழாய் சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பியவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும்



இம்முறை சுகாதாரப் பாடத்துக்கு ஒரு கடிதம்தான் காரணம். அது மலைநாட்டிலிருந்து வரவில்லை. மன்னார் – பூநகரி ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்குத் தெற்கே இருக்கும் பாப்பாமோட்டையிலிருந்து வந்தது. எழுதியவர் தோட்டத்தில் பிறந்து, அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு சகோதரி. நமது முன்னோர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, மன்னார்க் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். 1977 கலவரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறின. ஆகவே இன்றும் இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உண்டு.

அந்தச் சகோதரியின் தாயார் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று கண்டு, கொழும்பில் ஒப்பரேஷன் செய்தார்கள். நான்கு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார். ஒப்பரேஷனுக்கு முன் 46 கிலோ, இப்போது 39 கிலோ. மகள் எழுதியது இது:

"மூணு வேளையும் தட்டு நிறையப் போட்டு முன்னால வைக்கிறேன். ரெண்டு வாய் தின்னுட்டுப் போதும்னு தள்ளி வைக்கிறாங்க. பசியே இல்ல தாயி, நெஞ்சுக்குள்ள நிக்குதுன்னு சொல்றாங்க. நான் கெஞ்சிப் பாத்தேன், அழுதும் பாத்தேன். நேத்துக் கோவத்துல கத்திட்டேன். டொக்டர் நோயை எடுத்துட்டேன்னு சொன்னார். அப்புறம் ஏன் அம்மாவால சாப்பிட முடியல? நான் சமைக்கிறதுல குத்தமா, இல்ல அம்மாவுக்கு வாழவே பிடிக்கலையா?"

இரண்டும் இல்லை என்பதே எமது பதில். ஏன் இல்லை, என்ன செய்யலாம் என்பதைப் பாடமாக எழுதுகிறோம். உங்கள் லயத்தில் இப்படி யாரும் இல்லாவிட்டாலும் வாசித்து வையுங்கள். பின்பகுதியில் எல்லாருக்கும் உரிய செய்தி இருக்கிறது.

1. உணவுக்குழாய் என்றால் என்ன?

தொண்டையிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டு போகும் தசைக் குழாய்தான் உணவுக்குழாய். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதைக் 'களம்' என்று போட்டிருப்பார்கள். வளர்ந்தவருக்குச் சுமார் 25 சென்ரிமீற்றர் நீளம். மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் நெஞ்சுக்குள் இறங்குகிறது. அதன் அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில், ஒரு தசை வளையம் உண்டு. உணவு உள்ளே போகும்போது அது திறக்கும், போன பின் இறுகும். நாம் குனிந்து புல் வெட்டினாலும் படுத்தாலும் தின்றது மேலே வராமல் இருப்பது பெரும்பாலும் இந்த வளையத்தால்தான்.

2. ஒப்பரேஷனில் என்ன செய்கிறார்கள்?

நோய் வந்த உணவுக்குழாயின் பெரும்பகுதியையும் இரைப்பையின் மேல்பகுதியையும் வெட்டி எடுக்கிறார்கள். மிச்சமுள்ள இரைப்பையை ஒடுங்கிய குழாய் போல ஆக்கி, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, எஞ்சிய உணவுக்குழாயோடு தைத்து விடுகிறார்கள். தையல் சிலருக்கு நெஞ்சுக்குள்ளே இருக்கும், சிலருக்குக் கழுத்தில் இருக்கும்.

அதாவது வயிற்றில் அகன்ற பை போலக் கிடந்த இரைப்பை, இப்போது நெஞ்சுக்குள் நீட்டமான சின்னக் குழாயாக நிற்கிறது. இதை விளங்கிக் கொண்டால் மிச்சப் பாடம் முழுவதும் விளங்கும்.

இந்தச் சிகிச்சை ஒரே நாளில் வந்ததல்ல. 1913 இல் நியூயோர்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற டொக்டர் 67 வயது அம்மா ஒருவருக்கு நெஞ்சிலுள்ள உணவுக்குழாயை வெற்றிகரமாக எடுத்தார். அப்போது இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் வழி இல்லை. கழுத்தில் ஒரு துவாரம், வயிற்றில் ஒரு துவாரம், இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார்கள். அந்த அம்மா வாயால் மென்று விழுங்கியது அந்த ரப்பர் குழாய் வழியே இரைப்பைக்குப் போனது. அப்படியே பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். பிறகு 1946 இல் வேல்ஸ் நாட்டவரான ஐவர் லூயிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வயிற்றையும் வலப்பக்க நெஞ்சையும் திறந்து செய்யும் முறையை எழுதினார். இன்றும் அவர் பெயரால் அந்த ஒப்பரேஷன் நடக்கிறது.

3. பசி எங்கே போனது?

"ஒடம்பு நல்லாகணும்னா பசிக்கணுமே" என்று நாம் நினைப்போம். இங்கே அது சரிவராது. காரணங்கள் இவை:

(அ) பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு இரத்தத்தில் ஓடுகிறது. 1999 இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த இதற்குக் கிரெலின் என்று பெயர். இதைக் கூடுதலாகச் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதி. வெட்டப்படுவதும் அந்தப் பக்கம்தான். எனவே "பசிக்குது" என்று மூளைக்குப் போகும் செய்தி குறைந்து விடுகிறது.

(ஆ) பை சிறுத்து விட்டது. முன்பு ஒரு தட்டுச் சோறு கொண்ட இடம் இப்போது சில வாயிலேயே நிறைந்து விடும். நெஞ்சு அடைப்பது போலவும் மூச்சு முட்டுவது போலவும் இருக்கும்.

(இ) இரைப்பைக்குப் போகும் முக்கிய நரம்புகள் ஒப்பரேஷனில் வெட்டுப்படுகின்றன. அதனால் சிலருக்கு உணவு வெகுநேரம் தங்கி நிற்கும், சிலருக்கு ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கி விடும்.

(ஈ) தசை வளையம் இப்போது இல்லை. புளித்த நீரும் பித்தமும் மேலே வரும். வாய் கசக்கும். அதனால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரும். புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்கு நாக்கின் ருசியும் மாறிப் போயிருக்கும்.

எனவே தாயார் பிடிவாதம் பிடிக்கவில்லை. மகள் சமையலிலும் குற்றமில்லை. பசி என்ற மணி அடிப்பது நின்று போயிருக்கிறது, அவ்வளவுதான். எடை குறைவதும் பலருக்கு நடப்பதே. முதல் ஆறு மாதத்தில் பழைய எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவது வழக்கம். ஆனால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். 46 இல் இருந்து 39 என்றால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இது கிளினிக் நாள் வரும்வரை பொறுத்திருக்கும் விஷயமல்ல. அந்தத் தாயாரை இந்த வாரமே டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சகோதரிக்கு எழுதியிருக்கிறோம்.

4. பசியைப் பார்த்து அல்ல, மணியைப் பார்த்து

இதுதான் இந்தப் பாடத்தின் முதல் விதி. மலையில் சங்கு ஊதினால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வேலைக்கு இறங்குகிறோம் அல்லவா? அதுபோல மணி பார்த்து உண்ண வேண்டும். மூன்று வேளையை மறந்து விடுங்கள். நாளைக்கு ஆறிலிருந்து எட்டு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம். தட்டு வேண்டாம், தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசு போதும்.

வீட்டுக்கு வந்த புதிதில் முதலில் நீராகாரம், பிறகு கூழ் போல, பிறகு குழைந்த உணவு, பிறகு மிருதுவான உணவு என்று படிப்படியாகப் போக வேண்டும். எந்தப் படியில் எத்தனை நாள் என்பதை வாட்டில் டொக்டரும் மிஸ்ஸியும் சொல்லி அனுப்புவார்கள். அதை மீற வேண்டாம். சிலரைச் சிறுகுடலில் பொருத்திய மெல்லிய உணவுக் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குள் வாட்டில் சொன்னதைத் தவிர வேறு எதையும் விடக்கூடாது. வீட்டுக் கஞ்சியை விட்டால் அடைத்துக் கொள்ளும்.

மிருதுவான உணவுக்கு வந்தவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம்:

காலை 6.30 – பால்மா கலந்த அரிசிக் கஞ்சி அரைக் கோப்பை.

8.30 – அவித்து மசித்த முட்டை ஒன்று, வாட்டிய பாண் அரைத் துண்டு பருப்புத் தண்ணியில் ஊறவைத்தது.

10.30 – சத்துமாக் கூழ் அரைக் கோப்பை, சீனி குறைவாக.

பகல் 12.30 – குழைந்த சோறு நாலைந்து கரண்டி, கடைந்த பருப்பு, முள் நீக்கி மசித்த மீன்.

பிற்பகல் 3.00 – தயிர் சில கரண்டி, அல்லது மசித்த உருளைக்கிழங்கு.

5.00 – இடியப்பம் இரண்டு, சொதியில் நன்றாக ஊறியது.

இரவு 7.00 – குழைந்த சோறும் பருப்பும், அல்லது முட்டை கலந்த கஞ்சி.

அதற்குப் பிறகு படுக்கும்வரை கனமாக எதுவும் வேண்டாம்.

இது கட்டளை அல்ல, மாதிரிதான். வீட்டில் இருப்பதைக் கொண்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

சாப்பிடும் முறையும் முக்கியம்:

• நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். திண்ணையில் சாய்ந்து கொண்டு வேண்டாம்.

• சின்ன வாய். கூழாகும்வரை மெல்லுங்கள். ஒரு பீரிசுக்கு 20 நிமிடம் எடுத்தாலும் குற்றமில்லை.

• சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் பை நிறைந்து விடும். தண்ணீரும் தேத்தண்ணியும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்போ பின்போ.

• "போதும்" என்று உடம்பு சொன்னால் அந்த வாயோடு நிறுத்துங்கள். மேலும் ஒரு வாய் போட்டால் அத்தனையும் வாந்தியாக வரலாம்.

5. எது இறங்கும், எது இறங்காது?

கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும் என்பதால் அந்தக் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது. அதே கஞ்சியில் இரண்டு கரண்டி பால்மா, அடித்த முட்டை ஒன்று போட்டு நன்றாகக் கொதிக்க விட்டால், அளவு கூடாமல் சத்து கூடும். பருப்பில் கொஞ்சம் தேங்காய்ப்பால், சோற்றில் ஒரு கரண்டி பட்டர் சேர்க்கலாம். எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இளகினால் குறையுங்கள்.

மன்னார்க் கரையில் மீனுக்குக் குறைவில்லை. அவித்து முள் பார்த்து மசித்தால் இதைவிட நல்ல உணவு இல்லை. மலையில் மீன் வருவது அரிது என்றால் முட்டை, பருப்பு, டின்மீன் இருக்கின்றன. நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, தலை நீக்கி, வறுத்து இடித்து வைத்தால் கஞ்சியில் ஒரு கரண்டி தூவலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்கவும்.

நமது தோட்டத்து ரொட்டி ஆரம்பத்தில் ஒத்து வராது. கோதுமை மா ரொட்டி தையல் இடத்தில் பந்து போல நின்று விடும். புதுப் பாணின் நடுப்பகுதியும் அப்படியே. வாட்டி, குழம்பில் ஊறவைத்தால் இறங்கும். வறண்ட பிட்டு, கட்டி இறைச்சி, நார்க் கீரைத் தண்டு, பலாக்காய், பொரித்த பருப்பு வகைகள் ஆகியவற்றைப் பின்னால் ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒரு புதிய பொருள் என்று சோதித்துப் பார்க்கலாம். இன்று இறங்காதது இரண்டு மாதத்தில் இறங்கலாம். கொச்சிக்காய்ச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள், நெஞ்செரிவு இல்லையென்றால் கொஞ்சமாகத் தொட்டுக் கொள்ளலாம். ருசி இருந்தால்தான் கை வாய்க்குப் போகும்.

6. சீனித் தேத்தண்ணியில் ஒரு சிக்கல்

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் வயிறு முறுக்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வயிற்றாலும் போகிறது என்று சிலர் சொல்வார்கள். "கண்ணூறு பட்டுடுச்சு" என்று சுற்றிப் போடுவதும் நடக்கிறது. விஷயம் வேறு. இனிப்பான உணவு சிறுத்த இரைப்பையில் தங்காமல் திடீரென்று குடலுக்குள் கொட்டுகிறது. அதைக் கரைக்க உடம்பின் நீர் குடலுக்குள் பாய்கிறது. அதனால்தான் படபடப்பு.

இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்து வரும். சீனி வேகமாக இரத்தத்தில் ஏறியதால், உடம்பு அதை இறக்கப் பார்த்து அளவுக்கு மேல் இறக்கி விடுகிறது. கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். அந்த நேரத்தில் குளுக்கோசோ சீனித் தண்ணீரோ கொஞ்சம் கொடுத்து, பிறகு சிறிது உணவு கொடுங்கள். அடிக்கடி வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

தடுக்கும் வழி எளிது. மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, ரின்பால், சோடா வகைகள், மிட்டாய் இவற்றைக் குறையுங்கள். மன்னாரில் பனங்கட்டியைக் கடித்துக் கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். "சீனி இல்லையே, பனங்கட்டிதானே" என்று எண்ண வேண்டாம். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். முட்டை, மீன், பருப்பு சேர்ந்த உணவு மெதுவாக இறங்கும்.

7. படுக்கும் முறை

தசை வளையம் இல்லாததால் சமதளமாகப் படுத்தால் வயிற்றிலுள்ளது தொண்டைக்கு வரும். தூக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நெஞ்சுச் சளி, நியூமோனியா வரலாம். எனவே சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்தே படுக்க வேண்டும். படுக்கும்போது தலை மட்டுமல்ல, நெஞ்சும் சேர்ந்து உயர்ந்திருக்க வேண்டும்.

லயத்தில் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் பலர். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்குமே தவிர நெஞ்சு உயராது. கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கல்லோ கட்டையோ வையுங்கள். கட்டில் இல்லாவிட்டால் அகலமான பலகை ஒன்றைச் சரிவாக வைத்து, வழுக்காமல் அண்டை கொடுத்து, அதன்மேல் மெத்தையோ மடித்த கம்பளியோ போடலாம். இது சில மாதத்துப் பழக்கமல்ல, இனி எப்போதுமே இப்படித்தான்.

நெஞ்செரிவுக்கு ஓமெப்ரசோல் போன்ற மருந்து கொடுத்திருந்தால், "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று தாமாக நிறுத்த வேண்டாம். பெரிய குளிசை இறங்காவிட்டால் இடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில குளிசைகளை இடிக்கக் கூடாது.

8. வேலைக்குத் திரும்பும்போது

டொக்டர் எழுதித் தரும்வரை பாரம் தூக்க வேண்டாம். சாப்பிட்டவுடன் குனிந்து புல் வெட்டுவது, கவ்வாத்து வெட்டுவது, தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு போட்டு மலை ஏறுவது எல்லாம் வயிற்றை நெருக்கும், தின்றதை மேலே தள்ளும். மருத்துவச் சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிக்கள உத்தியோகத்தரிடம் இலேசான வேலை கேளுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட அனுமதியும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பிரட்டில் நின்று சொல்ல முடியாவிட்டால் தோட்டத்து வைத்திய உதவியாளர் வழியாகவோ தலைவர் வழியாகவோ சொல்லலாம்.

சின்ன டப்பா இரண்டு மூன்றில் உணவைப் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். மடு மாதா திருவிழாவுக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ பயணம் போனாலும் இதே ஏற்பாடுதான். கல்யாண வீட்டில், அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்து "இலையை மிச்சம் வைக்கிறேனே" என்று சங்கடப்படுவார்கள். முன்கூட்டியே பரிமாறுபவரிடம் சொல்லி வைத்தால் அந்தச் சங்கடம் இல்லை.

9. வீட்டாருக்கு

நமது சனங்களுக்குப் பாசத்தைக் காட்டத் தெரிந்த முதல் வழி சோறு போடுவதுதான். "சாப்பிட்டாச்சா?" என்பதே நமது நலவிசாரிப்பு. ஆகவே போட்ட சோற்றை ஒருவர் தள்ளி வைத்தால், நம்மையே தள்ளி வைத்தது போல மனம் நோகும். நோயாளியின் பக்கமும் பாருங்கள். தட்டு நிறையச் சோற்றைக் கண்டவுடனே அவருக்குப் பயம் வருகிறது. விழுங்கினால் அடைக்குமோ, வாந்தி வருமோ, மகள் அழுவாளோ என்று மூன்று பயம். பயந்த தொண்டையில் எதுவும் இறங்காது.

மேலும் ஒன்று. நமது பெண்கள் பலர் காலமெல்லாம் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்று பழகியவர்கள். "எனக்காகத் தனியா எதுக்கு முட்டை? பிள்ளைகளுக்குக் குடு" என்பார்கள். அவருடைய முட்டையும் மீனும் மருந்து மாதிரி என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மருந்தை யாரும் பங்கு கேட்பதில்லை.

செய்யக்கூடியவை இவை:

• சின்னப் பீங்கானில் கொஞ்சமாக வையுங்கள். முடித்தால் அவருக்கே ஒரு திருப்தி. வேண்டுமானால் மறுபடி கேட்பார்.

• எத்தனை வாய் தின்றார் என்று பக்கத்தில் நின்று எண்ண வேண்டாம். கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், வேறு கதை பேசுங்கள்.

• வாரத்தில் ஒரே நாளில், ஒரே தராசில், எடை பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். தினமும் நிறுத்தால் மனம்தான் சோரும். அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

• பொரிக்கும் வாடை சிலருக்குக் குமட்டும். சமைக்கும்போது வெளியே காற்றாட உட்கார வையுங்கள்.

• மனம் சோர்ந்து, யாரோடும் பேசாமல், அழுது கொண்டே இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

உணவு ஒரு ஒழுங்குக்கு வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை எடுக்கும். பசியும் ஓரளவு திரும்பலாம். பழையபடி ஒரு தட்டுச் சோறு ஒரே மூச்சில் பெரும்பாலும் முடியாது. ஆனால் சிறுகச் சிறுக உண்டு, வேலை செய்து, பேரப்பிள்ளைகளை வளர்த்து வாழ்பவர்கள் உண்டு.

10. காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• முன்பு இறங்கிய உணவு இப்போது அடைத்து நிற்பது. தையல் இடம் தழும்பாகி ஒடுங்கியிருக்கலாம். குழாய்க் கமரா மூலம் அதை விரித்து விட முடியும். "பழகிடும்" என்று பட்டினி கிடக்க வேண்டாம்.

• தண்ணீர் கூட இறங்காமை, ஓயாத வாந்தி.

• விழுங்கும் போதெல்லாம் இருமல், புரையேறுதல்.

• காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு எடுக்கக் கஷ்டம்.

• இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம்.

• எடை வாரா வாரம் குறைந்து கொண்டே போவது.

மலம் வெளிறி, எண்ணெய் மிதப்பது போல இருந்தால் உணவு சரியாகச் செமிக்கவில்லை என்று பொருள். அதற்கும் மருந்து இருக்கிறது. உடம்பு வெளுத்து, களைத்து, கால் விறைத்தால் இரும்புச்சத்தோ வைற்றமின் பி12 சத்தோ குறைந்திருக்கலாம். இரத்தம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள்.

ஒப்பரேஷன் கொழும்பில் நடந்திருந்தாலும் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. அவசரத்துக்கு முதலில் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மட்டும் அல்ல, கண்டியிலும் உண்டு. வடக்கிலுள்ளவர்களுக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை கால்நடையாக நடந்து, நாட்டின் எல்லா இன மக்களிடமும் திரட்டிய பணம் அங்குள்ள புற்றுநோய்ப் பிரிவுக்குத்தான் போனது. மருத்துவமனையில் தந்த துண்டுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

11. நம் எல்லாருக்கும் உரிய பகுதி

இந்த நோய்க்கும் வெற்றிலைக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் புதிதாகப் பேசப்படுவது அல்ல. ஸ்டீபன், ஊரகொட என்ற இரு டொக்டர்மார் இலங்கையின் உணவுக்குழாய்ப் புற்றுநோயையும் வெற்றிலை மெல்லுவதையும் ஆராய்ந்து 1970 லேயே பிரித்தானியப் புற்றுநோய்ச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றையும் தாக்கும். புகையிலை இல்லாமல் போட்டாலும் ஆபத்து உண்டு என்று 2012 அறிக்கை சொன்னது. பீடி, சுருட்டு, சாராயம் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

குளிருக்கும் பசிக்கும் மலையில் ஒரு வாய் வெற்றிலைதான் துணை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அது பசியை ஆற்றவில்லை, மறைக்கிறது. ஒரேயடியாக விட முடியாவிட்டால் முதலில் புகையிலையை விடுங்கள், பிறகு பாக்கை. ஒப்பரேஷன் செய்தவர் இவற்றைத் தொடவே கூடாது.

தேத்தண்ணி பற்றியும் ஒரு வார்த்தை. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று அதே முகவரகம் 2016 இல் சொன்னது. குற்றம் தேயிலையில் இல்லை, கொதியில்தான். கேத்தலிலிருந்து ஊற்றியவுடன் உறிஞ்சாமல் சில நிமிடம் ஆற விடுங்கள்.

முக்கியமாக ஒன்று: சோறோ ரொட்டியோ நெஞ்சில் நிற்பது போல இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தால் உடனே காட்டுங்கள். முதலில் கட்டி உணவு நிற்கும், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். பலர் "வாயு" என்று இஞ்சித் தண்ணி குடித்துக் கொண்டே, கஞ்சியும் இறங்காத நிலையில்தான் வருகிறார்கள். ஆரம்பத்தில் வந்தால் சிகிச்சைக்கு வழி கூடுதல். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நாள் பேர் போகிறதே என்று பார்க்க வேண்டாம்.

மாதர் சங்கத்திலும் வாசகர் வட்டத்திலும் பேசிப் பார்க்க:

1. உணவுக்குழாய் எடுத்தவருக்கு ஏன் பசி வருவதில்லை? இரண்டு காரணம் சொல்லுங்கள்.

2. உங்கள் வீட்டில் இப்போது உள்ள பொருட்களைக் கொண்டு, ஏழு முறை சாப்பிட ஒரு நாள் பட்டியல் எழுதுங்கள்.

3. சாப்பிட்ட பின் வியர்த்துப் படபடப்பு வந்தால் எதைக் குறைக்க வேண்டும்?

4. கட்டில் இல்லாத வீட்டில் நெஞ்சை உயர்த்திப் படுக்க என்ன செய்யலாம்?

5. நெஞ்சில் சோறு நிற்கிறது என்று சொல்பவர் உங்கள் லயத்தில் யாரும் இருக்கிறார்களா? அவரை யார், எந்த நாள், கிளினிக்குக்குக் கூட்டிப் போவது?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் கொப்பியில் விடை எழுதி வைத்தால் போதாது. கூட்டிப் போய் விட்டு வாருங்கள்.